மானிட்டரில் கோளாறு இல்லை, லேப்டாப்பின் போர்ட்டைப் பாருங்கள்

எதிர் வீட்டுத் தம்பி ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு வந்து கதவைத் தட்டினான். "அண்ணா, புது மானிட்டர் பீஸ் கோளாறு போல. மவுஸ் இழுத்துக்கிட்டே வருது, ஸ்க்ரோல் பண்ணா கண்ணு வலிக்குது. கடையில கேட்டா மானிட்டர் நல்லாத்தான் இருக்கு, மாத்தித் தர முடியாதுங்கிறாங்க." சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் 22,000 ரூபாய் கொடுத்து வாங்கிய 27 இன்ச் 4கே மானிட்டர் அது. வீட்டிலிருந்து வேலை பார்க்கிற பையன், மாதாமாதம் எடுத்து வைத்துச் சேர்த்த காசு. போய்ப் பார்த்தேன். மானிட்டரில் ஒரு குறையும் இல்லை. லேப்டாப்பின் ஹெச்டிஎம்ஐ போர்ட்டால் அவ்வளவு பெரிய படத்தை விநாடிக்கு 30 தடவைக்கு மேல் அனுப்ப முடியவில்லை, அவ்வளவுதான். அதே லேப்டாப்பின் இன்னொரு பக்கத்தில் டைப்-சி போர்ட் ஒன்று சும்மா கிடந்தது. மறுநாள் டைப்-சி டு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் ஒன்று வாங்கி மாட்டினோம், 60 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 60 தடவை, வந்துவிட்டது.

எனக்கும் இதே கதை நடந்திருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டிலேயே உட்கார்ந்து அச்சகங்களுக்குப் பக்கம் கட்டிக் கொடுக்கிற வேலை என்னுடையது. சின்ன எழுத்தில் புள்ளி விட்டுப்போயிருக்கிறதா, ஒற்று விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதற்காகவே 4கே வாங்கினேன். மூன்று கேபிள் மாற்றினேன், இரண்டு தடவை பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் கடைக்குப் போய்வந்தேன், கடையில் டிரைவர் அப்டேட் பண்ணச் சொன்னார்கள், சர்வீஸ் பார்க்கிற இடத்தில் ரேம் போதாது என்றார்கள், யாருமே போர்ட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அலைச்சல் இன்னொருவருக்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் கணக்கு

கணக்கு என்றதும் ஓடிவிடாதீர்கள், ஒரே ஒரு பெருக்கல்தான். சாதாரண ஃபுல் ஹெச்டி திரையில் 1920 × 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி என்கிற 2560 × 1440 திரையில் 36.9 லட்சம். 4கே என்கிற 3840 × 2160 திரையில் 82.9 லட்சம், ஃபுல் ஹெச்டியைப் போலச் சரியாக நான்கு மடங்கு. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் எட்டு எட்டு பிட், மொத்தம் 24 பிட் நிறத் தகவல் போக வேண்டும். இது முழுவதையும் விநாடிக்கு 60 தடவை அனுப்பினால்தான் மவுஸ் வழுக்கிக்கொண்டு ஓடும். 4கே-வுக்குப் பெருக்கிப் பாருங்கள், விநாடிக்கு ஏறக்குறைய 12 ஜிகாபிட் வருகிறது (ஒரு ஜிகாபிட் என்பது நூறு கோடி பிட்). இதோடு ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட வேண்டும், அதையும் சேர்த்தால் இடைவெளியை எவ்வளவு நெருக்குகிறோம் என்பதைப் பொறுத்து 12.5-லிருந்து 14.3 ஜிகாபிட் வரை ஆகிறது. 1440பி 60 ஹெர்ட்ஸுக்கு 5.8 போதும். ஃபுல் ஹெச்டிக்கு 3.6 போதும்.

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரி வரிசையைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் எத்தனை லாரி வந்து நின்றாலும், ஒரு மணி நேரத்தில் எத்தனை உள்ளே போகும் என்பதைத் தீர்மானிப்பது கேட்தான். லேப்டாப்பின் பிராசசர் எவ்வளவு வேகமாக இருந்தாலும், மானிட்டர் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், நடுவில் இருக்கிற போர்ட்டும் கேபிளும் கன்வெர்ட்டரும்தான் கேட். அந்த மூன்றில் எது குறுகலோ அதன் அளவுதான் உங்களுக்குக் கிடைக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஹெச்டிஎம்ஐ: வெளியே ஒரே வடிவம், உள்ளே வேறு வேறு

ஹெச்டிஎம்ஐ போர்ட்டைப் பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். 2009-இல் வந்த 1.4 பதிப்பில் மொத்த வேகம் 10.2 ஜிகாபிட், ஆனால் எட்டு பிட் தகவலுக்குப் பத்து பிட் அனுப்புகிற முறை என்பதால் படத்துக்கு மிஞ்சுவது 8.16 மட்டுமே. 4கே 60-க்கு 12-க்கு மேல் வேண்டும், இங்கே 8 தான் இருக்கிறது, அதனால் லேப்டாப் தானாகவே 30 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது. 2013-இல் வந்த 2.0 பதிப்பில் மொத்தம் 18, படத்துக்கு 14.4, இதில் 4கே 60 சரியாக உட்கார்ந்துவிடும். 2017-இல் வந்த 2.1 பதிப்பு 48 வரை போகும், 4கே 120 ஹெர்ட்ஸ் எல்லாம் அதில்தான். ஆனால் பெட்டியில் 2.1 என்று போட்டிருந்தாலே 48 கிடைக்கும் என்று நம்பிவிடாதீர்கள். அந்தப் பதிப்பின் வசதிகளில் பெரும்பாலானவை கட்டாயமில்லை, பழைய 18 ஜிகாபிட் வேகத்திலேயே நிறுத்திவிட்டு 2.1 என்று எழுதிக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. அதனால் 'எத்தனையாவது பதிப்பு' என்று கேட்பதைவிட '4கே-வில் எத்தனை ஹெர்ட்ஸ்' என்று கேட்பது நல்லது.

ஒரே லேப்டாப்பில் ஒரு போர்ட் 30, இன்னொன்று 60 என்பது எப்படி என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. அவனுடையது இன்டெல் ஐ5-8250யு பிராசசர். இன்டெல்லின் சொந்தத் தளத்தில் அந்த பிராசசரின் பக்கத்தைத் திறந்தால் அதிகபட்ச ரெசல்யூஷன் என்று தனித்தனியே எழுதியிருக்கும்: ஹெச்டிஎம்ஐ வழியே 4096 × 2304, 24 ஹெர்ட்ஸ், டிஸ்ப்ளேபோர்ட் வழியே அதே அளவு, 60 ஹெர்ட்ஸ். அந்தத் தலைமுறை வரை இன்டெல் சிப்புக்குள்ளேயே ஹெச்டிஎம்ஐ 1.4 தான் இருந்தது, 2.0 வேண்டுமென்றால் லேப்டாப் கம்பெனி தனியாக ஒரு சின்ன சிப் போட்டுக் கொடுக்க வேண்டும், விலை குறைந்த மாடல்களில் அதைப் போட மாட்டார்கள். 11-ஆம் தலைமுறை ஐ5-1135ஜி7-இல் ஹெச்டிஎம்ஐ வழியே 60 வந்துவிட்டது. அப்படியும் பிராசசரால் முடியும் என்பதற்காக லேப்டாப்பிலும் அது இருக்கும் என்று சொல்ல முடியாது, புதிய பிராசசர் போட்டுவிட்டு 1.4 போர்ட்டே வைத்த மாடல்கள் சந்தையில் நிறைய உண்டு. எனவே லேப்டாப் மாடலின் விவரப் பக்கத்தைத்தான் கடைசியாக நம்ப வேண்டும். லேப்டாப்பின் அடிப்பக்கம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் முழு மாடல் நம்பர் இருக்கும், அதை அந்தக் கம்பெனியின் தளத்தில் போட்டுத் தேடுங்கள். லெனோவோ என்றால் பிஎஸ்ஆர்இஎஃப் என்ற தளத்தில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தெளிவாக ஒரு வரி எழுதியிருப்பார்கள், டெல் என்றால் சர்வீஸ் டேக் எண்ணைப் போட்டால் உங்கள் மாடலின் பக்கமே வந்துவிடும்.

விஜிஏ பற்றி ஒரே வரி: நீல நிறத்தில் இரண்டு பக்கமும் திருகு வைத்த அந்தப் பழைய போர்ட் அனலாக் முறை, ஃபுல் ஹெச்டி வரைக்கும் சமாளிக்கலாம், அதற்கு மேல் அதை மறந்துவிடுங்கள்.

டிஸ்ப்ளேபோர்ட்

இது ஒரு மூலை மட்டும் வெட்டிய மாதிரி இருக்கிற போர்ட். மானிட்டரில் இருக்கும், லேப்டாப்பில் நேரடியாக அபூர்வம். 2010-இல் வந்த 1.2 பதிப்பிலேயே படத்துக்கு 17.28 ஜிகாபிட் இருக்கிறது, 4கே 60 தாராளமாகப் போகும். 2016-இல் வந்த 1.4-இல் 25.92, அதோடு டிஎஸ்சி என்கிற சுருக்கும் முறையும் உண்டு, இரண்டு முனையிலும் அது இருந்தால் இன்னும் பெரிய படத்தையும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாமல் அனுப்பிவிடும். டிஸ்ப்ளேபோர்ட்டில் நான்கு பாதைகள் இருக்கின்றன, மேலே சொன்ன வேகம் நான்கும் சேர்ந்தது. இந்த நான்கு என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், டைப்-சி-யில் எல்லாச் சிக்கலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

டைப்-சி: இங்கேதான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள்

டைப்-சி என்பது பின்னின் வடிவத்துக்குப் பெயர். அதற்குள் படம் போகுமா, சார்ஜ் ஏறுமா, டேட்டா மட்டும்தானா என்பது அந்த வடிவத்தை வைத்துத் தெரியாது. 40,000 ரூபாய் லேப்டாப்பில் டைப்-சி இருக்கிறது என்று சந்தோஷமாக மானிட்டரை மாட்டினால் திரை கறுப்பாகவே நிற்கும், காரணம் அந்தப் போர்ட் டேட்டாவுக்கு மட்டும் கொடுத்தது. விவரப் பக்கத்தில் 'டேட்டா டிரான்ஸ்ஃபர் ஒன்லி' என்று இருந்தால் அங்கே படம் வராது, எத்தனை ரூபாய் கேபிள் போட்டாலும் வராது. 'டிஸ்ப்ளேபோர்ட் 1.2' அல்லது 'டிஸ்ப்ளேபோர்ட் 1.4' அல்லது 'டிபி ஆல்ட் மோட்' ('டிபி' என்பது டிஸ்ப்ளேபோர்ட்டின் சுருக்கம்) என்று இருந்தால் வரும். போர்ட்டின் பக்கத்தில் அம்புமுனை வைத்த மின்னல் குறி இருந்தால் அது தண்டர்போல்ட் என்கிற வேகமான வகை, அதில் படம் நிச்சயம் வரும். 'டி'-யும் 'பி'-யும் பின்னிய மாதிரி ஒரு சின்னக் குறி இருந்தாலும் வரும். குறி எதுவும் இல்லையென்றால் வரவே வராது என்றும் இல்லை, சில கம்பெனிகள் குறியே போடுவதில்லை, அப்போது மாடல் பக்கம்தான் வழி.

சரி, படம் வருகிறது. எவ்வளவு வரும்? டைப்-சி பின்னுக்குள் வேகமான பாதைகள் நான்குதான். நான்கையும் படத்துக்குக் கொடுத்தால் டிஸ்ப்ளேபோர்ட்டின் முழு வேகம் கிடைக்கும், ஆனால் யுஎஸ்பி பழைய 2.0 வேகத்துக்கு இறங்கிவிடும். இரண்டு படத்துக்கு, இரண்டு யுஎஸ்பிக்கு என்று பிரித்தால் பென்டிரைவ் வேகமாக ஓடும், படத்துக்குப் பாதிதான் மிஞ்சும். டிஸ்ப்ளேபோர்ட் 1.2 அளவு வேகத்தில் பாதி என்றால் 8.64 ஜிகாபிட், மறுபடியும் 4கே 30 தான். 1.4 அளவு வேகத்தில் பாதி என்றால் 12.96, 4கே 60 இடிபட்டுக்கொண்டு நுழைந்துவிடும்.

இதனால்தான் யுஎஸ்பி, எஸ்டி கார்டு, நெட்வொர்க், ஹெச்டிஎம்ஐ எல்லாம் சேர்ந்த அந்த ஏழு-இன்-ஒன் ஹப்பைப் போட்டால் நிறையப் பேருக்கு 30 ஹெர்ட்ஸ் வருகிறது. ஹப்பில் யுஎஸ்பி 3 இருக்கிறது என்றால் அது இரண்டு பாதையைத் தனக்கு எடுத்துக்கொள்கிறது. பெட்டியில் '4கே ஹெச்டிஎம்ஐ' என்று பெரிதாக எழுதி, '30 ஹெர்ட்ஸ்' என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், சிலவற்றில் அதுவும் இருக்காது. என் அனுபவத்தில், உங்களுக்கு ஒரே ஒரு 4கே மானிட்டர்தான், லேப்டாப்பில் படம் வருகிற டைப்-சி இருக்கிறது என்றால், ஹப் எல்லாம் வேண்டாம், ஒரு முனை டைப்-சி மறுமுனை டிஸ்ப்ளேபோர்ட் இருக்கிற நேர் கேபிள் ஒன்று போதும். அது நான்கு பாதையையும் படத்துக்கே பயன்படுத்தும், நடுவில் ஹெச்டிஎம்ஐ-யாக மாற்றுகிற வேலையும் இல்லை. மவுஸ், கீபோர்டு, பென்டிரைவை லேப்டாப்பின் மற்ற போர்ட்டுகளிலேயே மாட்டிக்கொள்ளுங்கள்.

டைப்-சி உள்ள மானிட்டர் வாங்கினால் ஒரே கேபிளில் படமும் போகும், லேப்டாப்பும் சார்ஜ் ஆகும். வசதிதான், எங்கள் வீடு மாதிரி ஒரு மேசையில் நாலு வயர் தொங்கினாலே இடம் போதாத வீடுகளுக்கு ரொம்ப நல்லது. ஆனால் அதன் சார்ஜ் வாட்ஸ் உங்கள் லேப்டாப்பின் சார்ஜர் வாட்ஸுக்குக் கிட்டத்தட்ட சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் அந்த மாதிரி மானிட்டர்களில் சிலவற்றின் மெனுவில் டைப்-சி-க்கு 'ஹை ரெசல்யூஷன்', 'ஹை டேட்டா ஸ்பீட்' என்று இரண்டு தேர்வு இருக்கும். மேலே சொன்ன நான்கு பாதை, இரண்டு பாதை விஷயம்தான் அது. 30-இல் மாட்டிக்கொண்டால் முதலில் அதைப் போய்ப் பாருங்கள்.

கேபிளும் கன்வெர்ட்டரும்

போன் சார்ஜரோடு வருகிற டைப்-சி கேபிளை எடுத்து மானிட்டரில் மாட்டாதீர்கள். இரண்டு பக்கமும் டைப்-சி இருந்தாலும் அவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் சார்ஜுக்கும் மெதுவான டேட்டாவுக்கும் உள்ள கம்பிகள்தான் இருக்கும், படம் போகிற வேகமான கம்பிகளே இருக்காது. நான் ஒரு நாள் முழுக்க இதில் தொலைத்திருக்கிறேன். மானிட்டர் பெட்டிக்குள்ளேயே ஒரு டைப்-சி கேபிள் கொடுத்திருந்தால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் வேறு யாரும் போனுக்கு எடுத்துப் போகாதபடி அதில் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள்.

ஹெச்டிஎம்ஐ கேபிளில் பதிப்பு எண்ணுக்குப் பதில் பெயரைப் பாருங்கள். 'ஹை ஸ்பீட்' என்பது 4கே 30 வரைக்கும்தான் உத்தரவாதம். 'பிரீமியம் ஹை ஸ்பீட்' 18 ஜிகாபிட், 4கே 60-க்கு உரியது. 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' 48 ஜிகாபிட், இதன் பெட்டியில் ஸ்கேன் செய்து சரிபார்க்கிற க்யூஆர் லேபிள் இருக்க வேண்டும். பர்மா பஜாரிலோ பிளாட்பாரத்திலோ கிடைக்கிற கேபிளைக் குறை சொல்லவில்லை, ஃபுல் ஹெச்டிக்கு அதுவே வருஷக்கணக்கில் ஓடும், நானே பயன்படுத்துகிறேன். ஆனால் 4கே 60-க்கு அப்படி ஒன்றை எடுத்தால் திரை திடீரென்று ஒரு விநாடி கறுத்துவிட்டுத் திரும்பும், அல்லது வெள்ளைப் புள்ளிகள் மின்னும். அந்த இரண்டு அறிகுறியையும் பார்த்தால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். நீளமும் முக்கியம். இரண்டு மீட்டருக்குள் வைத்துக்கொண்டால் பிரச்சினை அரிது, ஐந்து மீட்டர், பத்து மீட்டர் என்று இழுக்கும்போது சாதாரணக் கம்பியில் சிக்னல் தேய்ந்துவிடும்.

கன்வெர்ட்டரில் திசை முக்கியம். டிஸ்ப்ளேபோர்ட் டு ஹெச்டிஎம்ஐ கேபிள் என்றால் லேப்டாப் பக்கம் டிஸ்ப்ளேபோர்ட், மானிட்டர் பக்கம் ஹெச்டிஎம்ஐ. அதைத் திருப்பிப் போட்டு லேப்டாப்பின் ஹெச்டிஎம்ஐ-யிலிருந்து மானிட்டரின் டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு எடுக்க முடியாது. அதற்கு ஹெச்டிஎம்ஐ டு டிஸ்ப்ளேபோர்ட் என்றே தனியாக, உள்ளே சிப் வைத்து, பெரும்பாலும் யுஎஸ்பி-யிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்கிற கன்வெர்ட்டர் வேண்டும். அதைப் போட்டாலும் லேப்டாப்பின் ஹெச்டிஎம்ஐ 1.4 என்றால் 4கே 30 தான் வரும். கேட் லேப்டாப்பில் இருக்கிறது, வெளியே எவ்வளவு அகலமாக ரோடு போட்டாலும் மாறாது. எத்தனையோ பேர் முந்நூறு முந்நூறு ரூபாயாகக் கன்வெர்ட்டர் வாங்கி டிராயர் நிறைய வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கு யாராவது இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

மாட்டிய பிறகு எங்கே பார்ப்பது

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அதற்குள் கீழே அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே. மேலே எந்த மானிட்டர் என்று தேர்ந்தெடுங்கள், லேப்டாப்பின் சொந்தத் திரையைப் பார்த்துவிட்டு 60 வருகிறது என்று நினைத்துக்கொள்ளக்கூடாது. அங்கே 'ஆக்டிவ் சிக்னல் மோட்' என்ற வரியில் உண்மையில் கேபிள் வழியே போகிற அளவும் ஹெர்ட்ஸும் இருக்கும். 'டெஸ்க்டாப் மோட்' என்பது விண்டோஸ் வரைகிற அளவு. இரண்டும் வேறாக இருந்தால் எழுத்து மங்கலாகத் தெரியும். கீழே ரெஃப்ரெஷ் ரேட் பட்டியலைத் திறந்து பாருங்கள், 60 இருந்தும் 30 தேர்வாகியிருந்தால் மாற்றிவிடுங்கள், முடிந்தது வேலை. பட்டியலில் 60 இல்லவே இல்லை என்றால் எங்கோ குறுகல் இருக்கிறது.

ரொம்பச் சின்ன விஷயம் ஒன்று, ஆனால் நான் பார்த்ததில் பாதிப் பேருக்கு இதுதான் பிரச்சினை. விண்டோஸ் பொத்தானையும் 'பி'-யையும் சேர்த்து அழுத்தினால் டூப்ளிகேட், எக்ஸ்டெண்ட் என்று வரும். டூப்ளிகேட்டில் இருந்தால் இரண்டு திரைக்கும் ஒரே படம், அதனால் சிறிய திரையின் அளவுக்குப் பெரியதும் இறங்கிவிடும். லேப்டாப் திரை 1366 × 768 என்றால் உங்கள் 27 இன்ச் 4கே-வும் அந்த அளவிலேயே பூதாகரமான மங்கல் எழுத்தோடு நிற்கும். எக்ஸ்டெண்ட் போடுங்கள், அல்லது வெளி மானிட்டர் மட்டும் என்று போடுங்கள்.

4கே 60 வந்தும் எழுத்தின் ஓரத்தில் நிறம் கசிகிறது, குறிப்பாகக் கறுப்பின் மேல் சிவப்பு எழுத்து குழைந்து தெரிகிறது என்றால், அதே அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கத்தில் கலர் ஃபார்மேட் என்ற வரியைப் பாருங்கள். ஆர்ஜிபி அல்லது 4:4:4 என்றால் சரி. 4:2:0 என்று இருந்தால், போதாத வேகத்தில் 60-ஐ எப்படியாவது நுழைக்க நிறத் தகவலில் முக்கால் பங்கைக் கழித்து அனுப்புகிறது என்று பொருள். சினிமா பார்க்க அது போதும். என்னைப் போல எழுத்தோடு வேலை செய்கிறவர்களுக்குப் பத்து நிமிடத்தில் தலைவலி வந்துவிடும். டிவி-யை மானிட்டராகப் பயன்படுத்துகிறவர்கள் டிவி மெனுவுக்குள் அந்த ஹெச்டிஎம்ஐ-க்கு உரிய முழு வேக அமைப்பை ஆன் செய்ய வேண்டும். சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்' அல்லது 'யுஹெச்டி கலர்' என்று இருக்கும், எல்ஜி-யில் 'டீப் கலர்' என்று இருக்கும். சில மானிட்டர்களிலும் மெனுவில் ஹெச்டிஎம்ஐ 1.4, 2.0 என்றோ டிஸ்ப்ளேபோர்ட் 1.1, 1.2 என்றோ தேர்வு உண்டு, பெட்டியிலிருந்து எடுக்கும்போது குறைந்ததில் இருக்கலாம், அதையும் பாருங்கள்.

இரண்டு மானிட்டர் வேண்டுமென்றால்

விண்டோஸில் ஒரே டைப்-சி-யிலிருந்து எம்எஸ்டி என்கிற முறையில் இரண்டு மானிட்டர் பிரித்து எடுக்கலாம், ஆனால் அதே ஒரு கேட்டின் அகலத்தை இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும். இரண்டு 1440பி என்றால் 11.6 ஜிகாபிட், டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகத்தில் நான்கு பாதை இருந்தாலே வசதியாகப் போகும். இரண்டு 4கே 60 என்றால் டிஸ்ப்ளேபோர்ட் 1.4 வேகத்தில் நான்கு பாதையும் வேண்டும், அல்லது டிஎஸ்சி வேண்டும், அல்லது தண்டர்போல்ட் 4 வேண்டும். தண்டர்போல்ட் 4 என்று சான்று பெற்ற லேப்டாப் என்றால் இரண்டு 4கே என்பது விதியிலேயே இருக்கிறது. இல்லாவிட்டால் ஒன்றை டைப்-சி-யிலும் மற்றொன்றை ஹெச்டிஎம்ஐ-யிலும் போட்டுவிடுவது எளிது.

மேக்புக் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். எம்1, எம்2 சிப் போட்ட மேக்புக் ஏர்களில் வெளி மானிட்டர் ஒன்றுதான், போர்ட் இரண்டு இருந்தாலும் ஒன்றுதான். எம்3 ஏரில் மூடியை மூடி வைத்தால் இரண்டு, எம்4 ஏரில் திறந்து வைத்தே இரண்டு. மேக்கில் எம்எஸ்டி முறையில் திரையைப் பிரிக்கவும் முடியாது, ஹப்பில் இரண்டு ஹெச்டிஎம்ஐ இருந்தால் இரண்டிலும் ஒரே படம்தான் வரும். டிஸ்ப்ளேலிங்க் என்கிற தொழில்நுட்பம் உள்ள டாக் (ஹப் மாதிரியான பெட்டி) வாங்கினால் சாஃப்ட்வேர் வழியாக இரண்டாவது மானிட்டர் கிடைக்கும், கணக்கு வழக்கு, மெயில் வேலைக்கு நன்றாகவே இருக்கும், வீடியோ எடிட்டிங்குக்கு நான் சொல்ல மாட்டேன்.

பழைய லேப்டாப், புதிய மானிட்டர், என்ன செய்வது

ஹெச்டிஎம்ஐ 1.4 மட்டும்தான், டைப்-சி-யும் இல்லை, மானிட்டர் ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால் மனதை விட்டுவிடாதீர்கள். இரண்டு வழி இருக்கிறது. படிக்கிற வேலை, பிழை திருத்துகிற வேலை என்றால் 4கே 30-இலேயே வைத்துக்கொள்ளலாம், எழுத்து கூர்மையாக இருக்கும், மவுஸ் மட்டும் கொஞ்சம் தயங்கும். ஸ்க்ரோல் அதிகம் செய்கிற வேலை, எக்செல், கோடிங் என்றால் 2560 × 1440-க்கு இறக்கி 60 ஹெர்ட்ஸ் வைத்துக்கொள்ளுங்கள், கூர்மை லேசாகக் குறையும், கை இலகுவாக ஓடும். நான் அந்த மாதிரி ஒரு வருடம் ஓட்டினேன், பகலில் 1440, ராத்திரி கடைசிப் பிழைதிருத்தத்தின்போது மட்டும் 4கே 30.

இன்னும் வாங்கவில்லை, லேப்டாப் பழையது, அதை இப்போதைக்கு மாற்றுவதாக இல்லை என்றால் 27 இன்ச் 1440பி வாங்குங்கள் என்பேன். ஹெச்டிஎம்ஐ 1.4-லேயே 60 ஹெர்ட்ஸ் சரியாக வரும். 27 இன்ச் ஃபுல் ஹெச்டி மட்டும் வேண்டாம், ஒரு இன்ச்சுக்கு 82 புள்ளிதான் வருகிறது, தமிழ் எழுத்தின் சுழிகள் படிக்கட்டு மாதிரி தெரியும். 1440பி-யில் 109, 4கே-வில் 163. வித்தியாசத்தை 'ணூ' 'றூ' போன்ற எழுத்தைப் பார்த்தாலே சொல்லிவிடலாம்.

எங்கள் பக்கத்துக்குரிய இரண்டு எச்சரிக்கை. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் என்று கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்று போர்ட்டுக்குள் போய்ப் பின்னைக் கறுக்க வைக்கும். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று விட்டுவிட்டு வந்தால், லேப்டாப்பை அணைத்துவிட்டுக் கேபிளை நாலைந்து தடவை கழற்றி மாட்டிப் பாருங்கள், பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும். இரண்டாவது எர்த். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. லேப்டாப்பின் உலோகப் பகுதியைத் தொட்டால் விர்ரென்று இருந்தால் எர்த் இல்லாமல் இருக்கலாம். அந்த நிலையில் லேப்டாப்பும் மானிட்டரும் ஓடிக்கொண்டிருக்கும்போது ஹெச்டிஎம்ஐ-யைச் செருகுவது போர்ட்டுக்கு நல்லதில்லை. மானிட்டரின் சுவிட்சை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, கேபிளை மாட்டிய பிறகு ஆன் செய்யுங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போட்டுவிடுவது அதைவிட நல்லது.

கடைக்குப் போகும்போது லேப்டாப்பையும் சார்ஜரையும் பையில் எடுத்துக்கொண்டு போங்கள். புது வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்துவிடலாம், மாறி ஏற வேண்டியதில்லை. கிளம்புவதற்கு முன்னால் மாடல் நம்பர் ஸ்டிக்கரையும் இரண்டு பக்கப் போர்ட்டுகளையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் மானிட்டரைப் பிரித்து உங்கள் லேப்டாப்பில், நீங்கள் வாங்கப்போகிற அதே கேபிளில் மாட்டச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம், நியாயமான கடையில் செய்து காட்டுவார்கள். அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கத்தைத் திறந்து, ஆக்டிவ் சிக்னல் மோட் வரியில் 3840 × 2160, 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.